கடலே இல்லாத ஊரில் 'ஐ.என்.எஸ்' எப்படி? கரையில் நிற்கும் கடற்படைக் 'கப்பல்கள்'

ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டும் தென்பெண்ணை ஆறு, கடலூர் அருகேதான் கடலைத் தொடுகிறது. இந்தப் பகுதி இளைஞர் ஒருவர் கடற்படையில் சேர்ந்தால், அவர் ஏறும் முதல் 'கப்பல்' தண்ணீரில் இருக்காது. கரையில்தான் இருக்கும்!

கட்டடத்துக்கு ஏன் கப்பல் பெயர்?

இது பிரிட்டிஷ் வழக்கம். அந்தக் காலத்தில் கடற்படைச் சட்டம், ஏதாவது ஒரு கப்பலின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கே பொருந்தும். கரையில் வேலை பார்ப்பவர்களை என்ன செய்வது? தளத்தையே கப்பலாக அறிவித்துவிட்டார்கள். 1804-ல் கரீபியக் கடலில் ஒரு பாறையையே போர்க்கப்பல் என்று பதிவு செய்த கதையும் உண்டு. அந்த வழக்கம் இந்தியாவிலும் ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டில் எங்கெல்லாம்?

இரண்டாம் உலகப் போரின்போது கோவையில் 'ஹெச்.எம்.எஸ் கருடா' என்ற விமானப் பழுதுநீக்கும் தளம் இருந்தது. 1953-ல் கொச்சி விமானத் தளத்துக்கு அதே 'கருடா' பெயர் வைக்கப்பட்டது. இப்போது கோவையில் இருப்பது மாலுமிகளுக்குத் தலைமைப் பண்பு கற்றுத்தரும் 'ஐ.என்.எஸ் அக்ரணி'.

அரக்கோணத்தில் 1992-ல் தொடங்கிய 'ராஜாளி'யில் ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி பெறுகிறார்கள். நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் 'கட்டபொம்மன்', நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குத் தகவல் அனுப்பும் நிலையம். மிகக் குறைந்த அதிர்வெண் அலைகள் கடல்நீருக்குள் சில மீட்டர் ஆழம் வரை போகும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

யார் கட்டுப்பாட்டில்?

மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி என மூன்று கட்டளைத் தலைமையகங்கள். இதில் கொச்சிதான் பயிற்சிக்குப் பொறுப்பு.

அக்னிவீரருக்கு என்ன நடக்கும்?

மாலுமியாகத் தேர்வானால் முதலில் ஒடிசாவின் 'ஐ.என்.எஸ் சில்கா'. 1980-ல் தொடங்கிய இங்கே, 2023 மார்ச்சில் முதல் அக்னிவீரர் அணி பயிற்சி முடித்தது. அதில் 273 பேர் பெண்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். பணி நான்கு ஆண்டுதான். அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கே நிரந்தர வாய்ப்பு. மற்றவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. வட்டி நீங்கலாகச் சுமார் 10 லட்சம் ரூபாய் சேவா நிதி கிடைக்கும். நான்கில் மூன்று பேர் வேறு வேலை தேடித்தான் ஆகணும். விண்ணப்பிக்கும் முன்பே ஐடிஐ, டிப்ளமோ போன்ற கைத்தொழில் படிப்பையும் யோசித்து வைப்பது நல்லது.