சலவை இயந்திரத்துக்கும் ஓர் உழவாரப்பணி

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் திருவொற்றியூர் மாடவீதிகளில் கூட்டம் பெருகும். புற்று வடிவினராகிய ஆதிபுரீசுவரர் மீது ஆண்டு முழுவதும் சாத்தப்பட்டிருக்கும் கவசம், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டுமே களையப்படுகிறது. புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்பெற்ற பெருமானைத் தரிசிக்க, இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலிருந்து குடும்பங்கள் திரண்டு வருகின்றன. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூடிவரும் நாளில் காலையில் மேலூர்த் திருவுடையம்மன், நண்பகலில் ஒற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூன்று சக்திகளையும் ஒரே நாளில் வழிபடும் வழக்கமும் நம் பகுதியில் வேரூன்றியது.

இத்தகைய நாள்களுக்கென்று துவைத்து மடித்து வைத்த வேட்டியையும் புடவையையும் எடுக்கும்போது, பல இல்லங்களில் ஒரு சங்கடம் நேர்கிறது. துணி பார்வைக்கு வெண்மையாக இருக்கிறது. முகத்தருகே கொண்டு சென்றால் ஈரச் சாக்கின் வாடை வீசுகிறது. உடுத்திச் சிறிது வியர்த்ததும் அவ்வாடை இரட்டிப்பாகிறது. மழைக்காலத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு, அடுத்த முறை சோப்புத் தூளை ஒரு கரண்டி கூட்டிப் போடுகிறோம். வாடை குறைவதில்லை, பெருகுகிறது. காரணம் துணியில் இல்லை. துணியைத் தூய்மையாக்கும் இயந்திரமே தூய்மையிழந்து நிற்கிறது.

வண்ணாரப்பேட்டை கற்றுத்தரும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வடசென்னையின் வண்ணாரப்பேட்டை, துணி வெளுக்கும் தொழிலால் பெயர் பெற்ற ஊர். கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கிருந்து கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்த தொழிலாளர் குடியிருப்பாகவே அது வளர்ந்தது.

அக்கால வெளுப்பு முறையில் நான்கு படிகள் இருந்தன. முதலாவது, உவர்மண், அதிலுள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். இரண்டாவது, வெள்ளாவி, அடுப்பேற்றிய பானையின் நீராவியில் துணிகள் வேகும்போது அழுக்கு இளகுவதோடு கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் மடியும். மூன்றாவது, கல்லில் அடித்து ஓடும் நீரில் அலசுதல். நான்காவது, வெட்டவெளி வெயிலில் உலர்த்துதல்.

நம் வீட்டு இயந்திரம் இந்த நான்கில் மூன்றாவதை மட்டுமே குறைவறச் செய்கிறது. குளிர்ந்த நீரில் துவைப்பதால் வெள்ளாவியின் சூடு இல்லை. வேலை முடிந்ததும் கதவை மூடிவிடுவதால் அதன் உட்புறம் காற்றையும் வெளிச்சத்தையும் காண்பதே இல்லை. விடுபட்ட அந்தச் சூட்டையும் உலர்ச்சியையும் நாம் அவ்வப்போது அளித்துவிட்டால் வாடை நீங்கும். இனிக் கூறப்போவன யாவும் இந்த ஒன்றின் விரிவே.

உலர்த்துதலின் அருமையை உணர்த்தும் அடியார் வரலாறு ஒன்று பெரியபுராணத்தில் உண்டு. காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத்தொண்ட நாயனார், சிவனடியார்களின் ஆடைகளை வெளுத்துத் தருவதையே தவமாகக் கொண்டவர். குளிர்காலத்தில் மெலிந்த அடியவராக வந்த இறைவன், தம் அழுக்கேறிய கந்தையை அந்திக்குள் உலர்த்தித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். நாயனார் துவைத்துவிட்டார், ஆனால் மழை வந்தது, விடவில்லை. ஈரத்துணியைத் திருப்பிக் கொடுத்து அடியவரைக் குளிரில் நடுங்கவிடுவதா என்று மனம் வெதும்பி, துணி துவைக்கும் கற்பாறையில் தம் தலையை மோதினார். அப்போது இறைவனின் திருக்கரம் எழுந்து அவரைத் தடுத்து ஆட்கொண்டது. துவைத்ததோடு தம் கடமை முடிந்ததென்று அவர் கருதவில்லை. உலர்ந்த துணி அடியவர் கையில் சேர்ந்தால்தான் தொண்டு நிறைவுறும் என்று எண்ணினார்.

வாடை எங்கிருந்து வருகிறது?

வடசென்னையின் நிலத்தடி நீர் நெடுங்காலமாகவே உவர்ப்பானது. மீஞ்சூர் பகுதியின் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்திருப்பது அறிஞர்கள் ஆராய்ந்து சொன்ன செய்தி. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆயினும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரி நீரையும் நம்பித் துவைக்கும் வீடுகள் இன்றும் பல.

இத்தகைய கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு கூடி, நீரில் கரையாத வெண்பிசுக்காக மாறுகின்றன. நுரை எழாமையால் நாம் மேலும் தூளைக் கொட்டுகிறோம். மிகுதியான தூளும், துணிக்கு மென்மை தரும் திரவத்தின் மெழுகுத்தன்மையும், வியர்வை எண்ணெயும், பஞ்சும் சேர்ந்து டிரம்மின் வெளிப்புறத்திலும் அதைச் சூழ்ந்த தொட்டியின் உட்சுவரிலும் படலமாகப் படிகின்றன. நாம் கதவைத் திறந்தால் காண்பது பளபளக்கும் உள்முகம் மட்டுமே. படலம் இருப்பது மறுமுகத்தில். அந்த ஈரமும் இருளும் கிருமிகளுக்கும் பூஞ்சைக்கும் ஏற்ற இடம். துவைத்த துணியில் எழும் ஈரவாடைக்கு மொராக்செல்லா என்னும் பாக்டீரியா இனம் முக்கியக் காரணம் என ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டனர்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் எழுப்பும் புழுதிக்கும், அனல்மின் நிலையப் பக்கத்துச் சாம்பலுக்கும் அஞ்சிப் பலர் மொட்டைமாடியில் துணி உலர்த்துவதையே விட்டுவிட்டனர். ஜன்னலற்ற குளியலறையில் இயந்திரமும், அதன் தலைக்கு மேலேயே கொடியில் ஈரத்துணியும் இருந்தால் இரண்டுமே உலர்வதில்லை.

உழவாரம் தொடங்கும் முறை

அப்பர் பெருமான் உழவாரம் ஏந்தித் திருக்கோயில்களின் புல்லையும் புதரையும் செதுக்கித் தூய்மை செய்தார். அந்தத் திருப்பணியை மனத்தில் கொண்டு, மாதம் ஒரு நாள் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். முதலில் மின் இணைப்பைத் துண்டித்து, குழாயையும் மூடிவிட வேண்டும்.

முன்புறம் கதவுள்ள இயந்திரமானால், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பை விரல்களால் விரித்துப் பாருங்கள். கருநிறப் பூஞ்சையும், முடியும், ஊறிய பஞ்சும் அங்கேதான் தங்கியிருக்கும். சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சோப்புத் தூள் இடும் பெட்டியை முழுதாக வெளியே இழுத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அது செருகப்படும் பொந்தின் மேற்கூரையையும் துடைக்க மறவாதீர்கள்.

அடுத்து, இயந்திரத்தின் அடிமூலையில் சிறு மூடிக்குள் இருக்கும் வடிகட்டி. ஒரு தட்டையான தட்டை வைத்து, தேங்கிய நீரை வடியவிட்ட பின் மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். சில்லறைக் காசு, ஊக்கு, தோட்டின் திருகாணி, அறுந்த உருத்திராட்ச மணி எல்லாம் கிடைக்கும் இடம் அதுதான். மாதக்கணக்கில் அழுகிய நீர் நிற்பதும் அங்கேதான். நீர் வரும் குழாய் இயந்திரத்தோடு சேரும் இடத்தில் உள்ள சிறு வலையையும் கழற்றி மணலை அலசிவிடுங்கள்.

இறுதியில் இணைப்பைக் கொடுத்து, துணி ஏதுமின்றி, இயந்திரம் அனுமதிக்கும் மிகுந்த சூட்டில், 60 டிகிரிக்குக் குறையாமல், ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். தொட்டியைத் தூய்மை செய்வதற்கென்றே தனிப் பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். பிசுக்கு மிகுந்திருந்தால் இச்சுற்றில் வாஷிங் சோடாவோ, ஆக்சிஜன் பிளீச் எனப்படும் தூளோ இடலாம். நம் முன்னோரின் உவர்மண் செய்த பணியையே வாஷிங் சோடாவின் காரமும் செய்கிறது. உப்புப் படிவு நீங்க, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சுமார் 100 கிராம் சிட்ரிக் அமிலத் தூளை இடுவது பயன் தரும். மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கிடைக்கும். காரத்தையும் அமிலத்தையும் ஒன்றாக இட்டால் ஒன்றை ஒன்று முறித்து இரண்டும் வீணாகும். வெவ்வேறு நாள்களில் செய்க. இயந்திரத்தோடு வந்த கையேட்டில் மாறாகச் சொல்லியிருந்தால் அதுவே இறுதி.

மேல்புறம் திறக்கும் இயந்திரங்கள் பலவற்றில் நீரைச் சூடாக்கும் வசதி இராது. அவற்றில் கீசர் நீரைத் தொட்டி நிறைய ஊற்றி, தூளை இட்டுச் சில நிமிடம் சுழலவிட்டு நிறுத்தி, ஒரு மணி நேரம் ஊறிய பின் வெளியேற்றலாம். கொதிக்கும் நீர் பிளாஸ்டிக் பாகங்களுக்கு ஆகாது. பஞ்சு சேரும் வலைப்பையை ஒவ்வொரு துவைப்புக்குப் பின்னும் கவிழ்த்துக் கழுவ வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் சாக்கடை வாடை வீசினால், கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். தரைத்துளைக்குள் அது ஆழமாகச் செருகப்பட்டிருந்தால், சாக்கடையின் வாயு அதன் வழியே மேலேறும். பிளம்பரை அழைத்துச் சரிசெய்யலாம். ரப்பர் கருகும் வாடை வந்தாலோ, அது தூய்மையைப் பற்றியதன்று. உடனே இணைப்பைத் துண்டித்து மெக்கானிக்கை அழையுங்கள்.

கோயில் செல்வோர் கவனிக்க வேண்டியவை

கலிய நாயனார் எண்ணெய் விளக்கேற்றித் தொண்டு செய்த தலம் ஒற்றியூர். விளக்கிட்டு வரும் நம் துணிகளிலும் எண்ணெயும் நெய்யும் படியாமல் இராது. குளிர்ந்த நீரில் நெய் உறைந்து இயந்திரத்தின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க் குளியல் துண்டுகளையும், விளக்கு துடைத்த துணிகளையும், ஐயப்ப பக்தர்கள் நெய் நிறைக்கும்போது உடுத்திய வேட்டிகளையும் வெந்நீரில் சீயக்காயோ வாஷிங் சோடாவோ இட்டு ஊறவைத்துப் பிழிந்த பின்பே இயந்திரத்தில் இடுக.

சட்டைப் பையில் மடித்து வைத்த விபூதி, குங்குமப் பொட்டலங்களை முதலில் எடுத்துப் பூஜை அறையில் வையுங்கள். பிரசாதம் சாக்கடையில் சேருவதும் முறையன்று. கரையாத விபூதித் துகள் வடிகட்டியில் சேறாகப் படிவதும் நல்லதன்று. வேட்டியின் மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவந்தால் அஞ்ச வேண்டாம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அலசி வெயிலில் இட்டால் நாளடைவில் மங்கும். பட்டுத் துணியை இயந்திரத்தில் இட வேண்டாம். நிழலில் காற்றாட விடுவதே அதற்குப் போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் வீடுகளிலும் படிந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய கனிம எண்ணெயோ டீசலோ பட்ட துணியை ஒருபோதும் இயந்திரத்தில் இடலாகாது. தீப்பற்றும் அபாயம் ஒருபுறம். அவ்வாடை பின்னர் துவைக்கும் ஒவ்வொரு துணியிலும் ஏறும்.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பிளீச்சிங் பவுடரையோ குளோரின் கலந்த பிளீச் திரவத்தையோ, சிட்ரிக் அமிலத்தோடும் வினிகரோடும் கழிவறை கழுவும் அமிலத்தோடும் எக்காரணம் கொண்டும் சேர்க்கலாகாது. நச்சுத்தன்மை உள்ள குளோரின் வாயு எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அன்றாட ஒழுங்கு

மாதப் பணி ஒருபுறம் இருக்க, அன்றாடம் செய்ய வேண்டியவை எளியவை. தூளை அளந்து இடுக. துவைத்து முடிந்த துணியை இரவு முழுதும் உள்ளேயே விடாமல் உடனே எடுத்து உலர்த்துக; புழுதிக்கு அஞ்சுவோர் ஜன்னலோரத்தில் மின்விசிறிக் காற்றிலாவது உலர்த்தலாம். மூன்று அம்மன் தரிசனம் முடித்து நள்ளிரவில் திரும்பினாலும், வியர்வைத் துணிகளை இயந்திரத்துக்குள் திணித்து மூடாமல் கொடியில் விரித்துவிட்டு உறங்குங்கள். கதவையும் தூள் பெட்டியையும் சற்றே திறந்து வையுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீடானால், அவர்கள் உள்ளே ஏறிவிடாதபடி கண்காணிப்பில் மட்டும் திறந்து வைத்து, உட்புறத்தை உலரத் துடைத்து மூடுங்கள்.

இதை இல்லத்தரசியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. குனிந்து வடிகட்டியைத் திருகுவதும் தூள் பெட்டியைத் தேய்ப்பதும், பணி ஓய்வு பெற்று நேரம் வாய்த்த என்போன்றோர் மகிழ்வோடு ஏற்கத்தக்க கைங்கரியம். அமாவாசைக்கு முந்தைய நாள் வீட்டைக் கழுவி, பூஜைப் பாத்திரங்களைத் துலக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் சலவை இயந்திரத்தையும் சேர்த்துவிட்டால், நாள் குறித்து வைக்கும் தொல்லையும் இல்லை. அடுத்த முறை தரிசனத்துக்கு எடுத்து உடுத்தும் வேட்டியிலும் புடவையிலும் வாடை இராது. சந்நிதியில் சாம்பிராணியின் மணம் மட்டுமே நம்மோடு நிற்கும்.