பழைய தோட்டில் மின்னுவது வைரமா?

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கல் வைத்த பழைய தோடு ஒன்றை அடகுக்குக் கொண்டுபோனால், அங்கே முதலில் பார்ப்பது தங்கத்தின் மாற்று. அடுத்தது எடை. கல்லுக்கென்று ஓர் அளவைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் தங்கத்துக்குத்தான் கடன். கல் எதுவென்று யாரும் கேட்பதில்லை. மகளின் கல்யாணத்துக்காக அதே தோட்டை உருக்கிப் புது நகை செய்யும்போதும் கணக்கு இப்படித்தான் போகிறது. கழற்றிய கற்கள் ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் வீட்டுக்குத் திரும்பும்; சில வேளை திரும்பாமலும் போகும்.

அந்தப் பொட்டலத்தில் இருப்பது வெறும் கண்ணாடியாக இருக்கலாம். மாத்தறைக் கல்லாக இருக்கலாம். நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் பட்டை தீட்டிய உண்மையான வைரமாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் உருக்குவதும் தவறு, எது என்று தெரியாமல் வாங்குவதும் தவறு. பழைய பட்டை வெட்டுள்ள வைரத்துக்கு உலகச் சந்தையில் இன்று தனி மவுசு உண்டு. அந்த மவுசைப் பார்த்து, புதிய கல்லைப் பழைய பாணியில் வெட்டி விற்பதும் பெருகிவிட்டது.

மலையகத்தில் வைரம் எல்லா வீட்டிலும் இருந்த பொருளல்ல. கொழுந்து பறித்த பெண்களிடம் இருந்தது பெரும்பாலும் ஒற்றைக் கல் மூக்குத்தியும் சின்னத் தோடும். வசதியிருந்த பெரிய கங்காணி வீடுகளிலும், தோட்டத்துக் கடை முதலாளிமார், கிளாக்கர்மார் வீடுகளிலும் கல்பதித்த கடுக்கனும் ஏழு கல் தோடும் சேர்ந்தன. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தவை சில. கொழும்பு செட்டியார் தெருவில் வாங்கியவை சில. ரசீது, சீட்டு எதுவும் இருக்காது. பாட்டி சொன்னதுதான் சாட்சி. ஆனால் கல்லுக்கு வயது சொல்லும் அடையாளங்கள் பெரும்பாலும் கல்லிலேயே இருக்கின்றன.

எந்தக் காலத்து வெட்டு?

1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகத்துக்கு வைரம் போனது ஏறக்குறைய முழுவதும் இந்தியாவிலிருந்துதான். கோல்கொண்டாவின் பெயரால் அறியப்படும் கொல்லூர் முதலிய சுரங்கங்களின் காலம் அது. அக்காலத்துக் கற்கள் பல தட்டையாக, மேலே ஒரு தளம் மட்டும் தேய்த்தவை. ஐரோப்பாவில் 'ரோஸ் கட்' பரவியது: அடி தட்டை, மேல்பக்கம் கூம்பிய முக்கோணப் பட்டைகள்.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் வெட்டு 'ஓல்ட் மைன் கட்'. மூலைகள் உருண்ட சதுரம். மேலே இருக்கும் தளம் சின்னது, மேற்பகுதி உயரம், அடிப்பகுதி ஆழம், கீழ்முனை கூராக இல்லாமல் வெட்டிவிடப்பட்டிருக்கும். மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இந்தக் கல் அகலமான வண்ணத் துண்டுகளாக ஒளி வீசும். இன்றைய கல்லின் பொடிப்பொடியான மினுமினுப்பு அதில் இருக்காது.

1867இல் தென்னாபிரிக்காவில் வைரம் கண்டெடுக்கப்பட்டது. 1870களில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஹென்றி மோர்ஸின் பட்டறையில் கல்லை வட்டமாக்கும் இயந்திரம் உருவானது. அதன்பின் வந்த வட்ட வடிவம் 'ஓல்ட் யூரோப்பியன் கட்'. 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி, எந்தக் கோணத்தில் வெட்டினால் ஒளிர்வும் வண்ணத் தெறிப்பும் ஒருசேரச் சிறக்கும் என்று கணக்கிட்டு ஒரு நூல் எழுதினார். இன்றைய வட்ட வைரத்தின் வெட்டு அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்தது.

தமிழ்நாட்டு நகைக்கடைகளில் 'புளூ ஜாகர்' என்ற பெயர் இன்றும் புழங்குகிறது. தென்னாபிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொண்டைன் சுரங்கத்திலிருந்து வந்த, நீலச்சாயல் காட்டும் வெள்ளைக் கற்களுக்கு இட்ட பெயர் அது. 1870இல் வைரம் கிடைக்கத் தொடங்கிய அந்தச் சுரங்கத்தில் தோண்டும் வேலை 1971இல் நின்றுவிட்டது. எனவே புதுக் கல்லைக் காட்டி 'இது புளூ ஜாகர்' என்று ஒருவர் சொன்னால், அது நிறத்தைச் சொல்லும் வியாபாரப் பெயர் மட்டுமே. கல்லின் வயதுக்கோ பிறந்த இடத்துக்கோ அது சான்றாகாது.

பழைய பாணி வேறு, பழைய கல் வேறு

வாங்குபவர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சான்றிதழில் 'ஓல்ட் யூரோப்பியன்' என்று எழுதியிருந்தால் கல்லுக்கு நூறு வயது என்று அர்த்தமில்லை. அமெரிக்க இரத்தினவியல் நிறுவனமான ஜிஐஏ இந்தப் பெயரைக் கல்லின் அளவுகளைப் பார்த்தே தருகிறது. மேல்தளம் கல்லின் விட்டத்தில் 53 சதவீதத்துக்கு மேல் போகாதது, மேற்பகுதியின் சாய்வு 40 பாகைக்குக் குறையாதது, கீழ்முனை பெரிதாக வெட்டப்பட்டிருப்பது போன்றவை அந்த அளவுகள். போன மாதம் சூரத்தில் வெட்டிய கல்லும் இந்த அளவுகளுக்குள் வந்தால் அதே பெயரைப் பெறும். எந்த வருடம் வெட்டியது என்று சான்றிதழ் சொல்வதில்லை.

வயதைத் தேடுகிறவருக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடி வேண்டும். கல்லை நேராக மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அது வெட்டிவிடப்பட்ட கீழ்முனை. பழைய கல்லில் அது பெரும்பாலும் சரி நடுவில் இருக்காது; ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். எதிரெதிர்ப் பட்டைகளின் அளவு ஒத்துப்போகாது. கையால் சக்கரத்தில் பிடித்துத் தீட்டியவர், கல்லின் எடை வீணாகாமல் பார்த்துப் பார்த்து வெட்டியதன் விளைவு அது. புதிதாகப் பழைய பாணியில் வெட்டிய கல்லில் பட்டைகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று அச்சு வார்த்ததுபோல் பொருந்தும்.

அடுத்து, கல்லின் இடுப்பு விளிம்பைப் பார்க்க வேண்டும். பழைய கல்லில் அது கத்தி விளிம்புபோல் மெலிந்தோ, சர்க்கரைத் தூள் ஒட்டியதுபோல் மங்கிச் சொரசொரப்பாகவோ இருக்கும். சில இடங்களில் மண்ணிலிருந்து எடுத்தபோது இருந்த மேல்தோல் தீட்டப்படாமல் மிஞ்சியிருக்கும். இன்றைய கற்களில் பலவற்றின் விளிம்பு பளபளப்பாகத் தீட்டப்பட்டு, சின்னச் சின்னப் பட்டைகளோடு இருக்கும். விளிம்பில் நுண்ணிய எழுத்தோ எண்ணோ தெரிந்தால் அதை லேசரால் பொறித்திருப்பார்கள். அந்த முறை 1980களில்தான் வந்தது. பழைய கல்லையும் பரிசோதனைக்கு அனுப்பியபோது எண் பொறித்திருக்க முடியும் என்பதையும் மறக்கக்கூடாது.

மூன்றாவது அடையாளம் தேய்மானம். வைரத்தைக் கீறுவது வைரமே. பல கற்களை ஒரே காகிதப் பொட்டலத்தில் வைத்துத் திரிந்த வியாபாரியின் பையிலும், பல வருடம் உரசிக் கிடந்த நகைப்பெட்டியிலும் கற்கள் ஒன்றையொன்று தேய்க்கின்றன. பட்டைகள் சந்திக்கும் கோடுகள் அதனால் மெல்ல வெளுத்து, நுண்ணிய வெள்ளைப் பொருக்காகத் தெரியும். ஆனால் மறுபடி தீட்டிய பழைய கல்லில் இது அழிந்திருக்கும். அதனால் ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. பல அடையாளங்கள் ஒரே பக்கம் சாய வேண்டும்.

நகையின் கட்டும் சாட்சி சொல்லும். பழைய தமிழ்த் தோடுகள் பலவற்றில் கல்லின் பின்பக்கம் தங்கத்தால் மூடியிருக்கும். உள்ளே பளபளப்புக்காக மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். பத்தர் கையால் வெட்டிய திருகாணி மரை சீராக இருக்காது. இருந்தாலும் பழைய கட்டில் புதுக் கல்லைப் பதிக்கலாம், புதுக் கட்டில் பழைய கல்லைப் பதிக்கலாம். கட்டு சொல்வதைக் கல் மறுத்தால், கல்லையே நம்ப வேண்டும்.

மாத்தறைக் கல்லும் ஆற்றங்கரைக் கல்லும்

இலங்கை மண்ணில் வைரம் எடுக்கும் சுரங்கம் கிடையாது. ஆனால் வைரம் என்று நம்பப்பட்ட ஒரு கல் இந்த நாட்டிலேயே உண்டு. நிறமில்லாத சர்க்கோனைத் தெற்கே மாத்தறையின் பெயரால் 'மாத்தறை வைரம்' என்று நெடுங்காலம் விற்றார்கள். வைரத்தைப் போலவே வண்ணம் தெறிக்கும் கல் அது. பழைய இலங்கை நகைகளில் அது நிறைய உண்டு. தோடு உண்மையில் பழையதாக, கட்டும் உண்மையில் பழையதாக இருந்தும் கல் வைரமாக இல்லாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம்.

இரண்டையும் பிரிக்க லூப் போதும். மேல்தளத்தின் வழியாகக் கல்லின் அடியிலுள்ள பட்டைக் கோடுகளைப் பார்க்க வேண்டும். சர்க்கோனில் ஒவ்வொரு கோடும் இரட்டைக் கோடாகத் தெரியும். ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் அந்த இரட்டிப்பு மறையும் என்பதால் கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பது அவசியம். வைரத்தில் எந்தத் திசையிலும் கோடு ஒற்றைதான். கழற்றிய கல்லென்றால் எடையும் காட்டிக்கொடுக்கும்: வைரம் நீரைப்போல் 3.52 மடங்கு அடர்த்தி, சர்க்கோன் ஏறக்குறைய 4.6 மடங்கு. சர்க்கோன் வைரத்தைவிட மிக மென்மையானது. அதன் பட்டை விளிம்புகள் சீக்கிரம் மழுங்கிவிடும். இந்தத் தேய்மானத்தைப் பார்த்து 'பழைய வைரம்' என்று முடிவு கட்டுவது வழக்கமான தவறு.

பொகவந்தலாவைப் பக்கத்து வாசகர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கெசல்கமுவ ஓயாவை ஒட்டிய இடங்களில் மாணிக்கக்கல் அகழ்வும், அனுமதியில்லாமல் அகழ்ந்தவர்கள் கைதானதும் அடிக்கடி செய்தியாகின்றன. இந்த ஆற்றுப் படுகைகளின் 'இல்லம்' எனப்படும் கல்மண்ணில் நீலக்கல் போன்றவை கிடைக்கின்றன. அங்கே கிடைத்த வெள்ளைக் கல்லைக் காட்டி வைரம் என்று யாராவது விலை சொன்னால் வாங்க வேண்டாம். அது வெள்ளைச் சஃபையராகவோ சர்க்கோனாகவோ புஷ்பராகமாகவோ வெறும் பளிங்காகவோ இருக்கும்.

புதிய போலிகளும் உண்டு. 'அமெரிக்கன் டயமண்ட்' எனப்படும் கியூபிக் சர்கோனியா சந்தைக்கு வந்தது 1976இல். மொய்ஸனைட் நகைக்கு வந்தது 1990களின் கடைசியில். கடைகளில் கல்லின் மேல் வைக்கும் பேனா போன்ற வெப்பச் சோதனைக் கருவி கண்ணாடியையும் சர்க்கோனையும் கியூபிக் சர்கோனியாவையும் பிடித்துவிடும். மொய்ஸனைட்டை வைரம் என்றே காட்டும். ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரத்தை அந்தக் கருவியால் பிரிக்கவே முடியாது, ஏனென்றால் அதுவும் வைரம்தான். மனிதர் முதன்முதலில் வைரம் வளர்த்துக் காட்டியது 1950களில். நகைக்கேற்ற கற்கள் பெருவாரியாக விலைக்கு வந்தது இந்த நூற்றாண்டில். வளர்த்த கல்லையும் பழைய பாணியில் வெட்டுகிறார்கள். வளர்த்தது என்று ஆய்வுகூடம் சொல்லிவிட்டால், அந்தக் கல் பாட்டி காலத்துக் கல் அல்ல என்பது உறுதி.

மூச்சுவிட்டு ஆவி படிகிறதா என்று பார்ப்பது, கண்ணாடியைக் கீறிப் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளை நம்பக்கூடாது. பளிங்கும் சர்க்கோனும்கூடக் கண்ணாடியைக் கீறும்.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

மூடிய கட்டிலிருக்கும் கல்லின் நிறமும் எடையும் மதிப்பீடு மட்டுமே. அடித்தகடு மஞ்சள் கல்லை வெள்ளையாகக் காட்டிவிடும். விலை பெரிதென்றால் கல்லைக் கழற்றிச் சோதிக்கச் சம்மதம் கேட்க வேண்டும். மறுத்தால் அந்த விலையைக் கொடுக்கக்கூடாது. மெலிந்த விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, கல்லின் உள்ளே விரிசல் விளிம்புவரை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மூடிய கட்டுள்ள தோட்டைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைப்பது நல்லதல்ல. தண்ணீர் உள்ளே புகுந்தால் தகடு கறுத்து, கல் உயிரிழந்ததுபோல் ஆகிவிடும்.

'மறுபடி தீட்டினால் நல்லா மின்னும்' என்ற யோசனை எந்தக் கடையில் வந்தாலும் நிதானிக்க வேண்டும். 1852இல் லண்டனில் கோஹினூரை மறுபடி வெட்டினார்கள். இன்றைய கணக்கில் 191 கரட்டாக இருந்த கல் 105.6 கரட்டாகச் சுருங்கியது. 2008இல் 35.56 கரட் எடையுள்ள விட்டல்ஸ்பாக் நீல வைரத்தை வாங்கிய நகை வியாபாரி லாரன்ஸ் கிராஃப் அதை மறுபடி தீட்டி 31.06 கரட்டாக்கினார். நிறமும் தெளிவும் உயர்ந்தன. வரலாற்றுச் சின்னத்தை அழித்துவிட்டார் என்ற கண்டனமும் எழுந்தது. ஐம்பது சென்ட் கல்லானாலும் நியாயம் ஒன்றுதான். பழைய வெட்டுக்காகவே மதிப்புப் பெற்ற கல், அந்த வெட்டை இழந்தால் எடை குறைந்த சாதாரணக் கல்லாகிவிடும்.

1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை, கொழும்பில் கல் பரிசோதனைக் கூடம் நடத்துகிறது. ஹட்டனிலிருந்து அதற்கு ஒரு நாள் அலைச்சல் ஆகும். அந்த அலைச்சல் வீணாகாது. பழைய தோட்டை உருக்கக் கொடுப்பதற்கு முன் கற்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எத்தனை கல், ஒவ்வொன்றும் என்ன அளவு என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய கற்களை எண்ணித் திரும்ப வாங்குங்கள். பழைய வைரம் என்று சொல்லி விற்பவரிடம் 'வெட்டு மட்டும் பழையதா, கல்லே பழையதா' என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பழைய வைரத்தின் விலையைக் கொடுக்காதீர்கள்.