வீட்டின் வயதும் குடியிருப்போர் வயதும்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. சொந்த வீட்டின்மேல் நம்மவர்க்குள்ள பற்று அத்தகையது. வீடு என்றால் தந்தை கட்டியது, மகன் காப்பது, பேரன் பெறுவது என்றே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். ஆயின், குறித்த ஆண்டுகள் கழிந்ததும் நிலத்தோடு அரசாங்கத்தாரிடமே மீளும் வீட்டையும் சொந்த வீடு எனலாமா? அத்தகைய வீடுகள் நிறைந்த ஓர் ஊரில், வீட்டுக்கும் வயதேறி, வீட்டிலுள்ளோர்க்கும் வயதேறினால் விளைவது யாது? இவ்வினாக்கள் வெறுங் கற்பனையல்ல. சிங்கப்பூர்த் தீவின் தென்கிழக்குக் கரையில் மரீன் பரேட் என்னும் புறநகர் ஒன்று உண்டு. அவ்வூரார் இவ்வினாக்களுக்கு நாள்தோறும் விடை தேடி வருகின்றனர். நம்மவர் பலர் தலைமுறை தலைமுறையாக அந்நாட்டில் வாழ்கின்றனர். ஆட்சிமொழிகள் நான்கனுள் தமிழும் ஒன்று. ஆதலால் அவ்வூர்ச் செய்தி நமக்கு முற்றும் அயலானதன்று.

முதலில் இவ்வூர் நிற்கும் நிலத்தின் வரலாற்றைக் கூறுவாம். இன்று மரீன் பரேட் இருக்குமிடம் அறுபது ஆண்டுகளுக்கு முன் கடல். அதற்கு வடக்கே காத்தோங் என்னும் பழைய ஊர் கடலை நோக்கியிருந்தது. செல்வ வணிகர் கரையோரத்தில் மாளிகைகள் எழுப்பிக் கடற்காற்று வாங்கினர். 1965-இல் தனிநாடான சிங்கப்பூருக்கோ நிலம் குறைவு, மக்கள் மிகுதி. ஆகவே, 1966-ஆம் ஆண்டில் கிழக்குக் கரையைத் தூர்த்து நிலமாக்கும் பெருவேலை தொடங்கிற்று. பிடோக் முதலிய இடங்களிலிருந்த குன்றுகளை வெட்டி, அம்மண்ணை இயந்திர ஓடுபட்டைகளின் வழியே கடலுக்குக் கொண்டு சேர்த்தனர். ஏழு கட்டங்களாக 1985 வரை நடந்த இவ்வேலையால் 1,525 ஹெக்டேர் புதுநிலம் கிடைத்தது.

இப்புது நிலத்தின்மேல் 1970-களின் நடுப்பகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தார் அமைத்த ஊரே மரீன் பரேட். முற்றிலும் தூர்த்த நிலத்திலேயே கழகத்தார் எழுப்பிய முதல் குடியிருப்பு இதுவாகும். இக்கழகம் 1960-இல் தோன்றியது. 1964 முதல் வீடுகளை வாடகைக்கு விடுவதோடு விற்பனையும் செய்யலாயிற்று. 1968 முதல் மக்கள் தம் மத்திய சேம நிதிப் பணத்தைக் கொண்டே வீட்டு விலையைச் செலுத்தலாம் என்றும் விதி செய்தனர். சேம நிதியாவது, தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்திவரும் முதுமைக்கால வைப்பு. இவ்விதியால் வாடகைக்கு இருந்தோர் பெரும்பாலும் வீட்டுக்காரராயினர். அதே வேளையில், முதுமைக்கென்று வைத்த பொருளில் பெரும்பகுதி வீட்டுச் சுவருக்குள் புகுந்துவிட்டது. இதனை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க. மேலும், கழகத்தார் விற்றது நிலத்தையன்று. 99 ஆண்டுக் குத்தகையையே. 1975-இல் தொடங்கிய குத்தகை 2074-இல் முடியும். அதன்பின் வீடும் நிலமும் ஈடின்றி அரசாங்கத்தாரைச் சேரும்.

இனி, குடிமக்களைப் பற்றிப் பார்ப்போம். பழைய ஊர்களில் பாட்டனும் பேரனும் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பர். பிறப்பும் இறப்பும் மாறி மாறி நிகழும். ஒரே காலத்தில் கட்டி, ஒரே காலத்தில் பங்கிட்ட ஊரின் இயல்பு வேறு. அங்கே குடியேறுவோர் பெரும்பாலும் ஒரே பருவத்தினர். புதுமணத் தம்பதிகளும், சிறு குழந்தைகளோடு கூடியோருமே. அவர்கள் ஒன்றாக வளர்ந்து ஒன்றாகவே முதுமையடைவர். 1975-இல் முப்பது வயதினராய் வந்து புகுந்தவர் 2025-இல் எண்பது வயதினர். அவர்தம் மக்கள் மணமானதும் தெம்பனிஸ், பாசிர் ரிஸ், செங்காங், பொங்கோல் முதலிய புதுநகர்களில் புதுவீடு பெற்றுச் சென்றனர். கல்வி முடிந்து மாணவர் வெளியேறிய பின் ஆசிரியர் மட்டும் எஞ்சிய பள்ளிபோல், பெற்றோர் மட்டும் பழைய இடத்தில் தங்கினர். வீட்டில் அறைகள் மூன்று, ஆட்கள் இருவர், சிலபோது ஒருவர்.

நாடு முழுதுமே முதுமையை நோக்கிச் செல்வது இதனை இன்னும் மிகுவிக்கின்றது. 2010-ஆம் ஆண்டுக் கணக்கின்படி சிங்கப்பூர்வாசிகளுள் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 9 வீதமாக இருந்தனர். 2020-இல் அது 15.2 வீதமாயிற்று. 2030-இல் குடிமக்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் அவ்வயதினராவர் என அரசாங்கத்தார் மதிப்பிட்டுள்ளனர். ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி 2023-இல் ஒன்றுக்கும் கீழாக, 0.97 என்ற அளவுக்கு இறங்கியது. நாடு இவ்வாறு இருக்க, ஒரே தலைமுறை வந்து நிறைந்த பழைய ஊர்கள் ஏனையவற்றினும் முந்தி நரைப்பதில் வியப்பில்லை.

நிற்க. வீட்டு விலையின் நிலைமை யாது? இவ்வூரில் பழைய கடற்கரைக் கோடு இன்றும் அழியவில்லை. மணலில் மறைந்த அக்கோடு பத்திரங்களில் விளங்குகின்றது. அதற்கு வடக்கே காத்தோங் பகுதியில், கால வரம்பற்ற உரிமையுள்ள நிலங்கள் பல உண்டு. தெற்கே தூர்த்த நிலம் முழுதும் அரசாங்கத்துடையது. அங்கே குத்தகையன்றி வேறில்லை. ஒரு தெருவைக் கடந்தால் உரிமையின் தன்மையே மாறிவிடும். கடலுக்கு அருகில் உள்ளவன் காட்சியை உடையவன். அதற்குப் பின்னால் உள்ளவனோ காலத்தை உடையவன்.

குத்தகைக் காலம் குறையக் குறைய மதிப்பு எவ்வாறு இறங்கும் என்பதற்குச் சிங்கப்பூர் நில அதிகாரிகள் ஓர் அட்டவணை வைத்துள்ளனர். பாலா அட்டவணை என்பது அதன் பெயர். முன்னாளில் நில அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவரின் பெயர் அதற்கு ஆயிற்று என்பர். வரம்பற்ற உரிமையின் மதிப்பை நூறு என்று கொண்டால், 99 ஆண்டுக் குத்தகையின் மதிப்பு 96. 60 ஆண்டு எஞ்சியிருப்பின் 80. 30 ஆண்டு எஞ்சியிருப்பின் 60. இக்கணக்கின் உட்பொருளை நோக்குக. முதல் 39 ஆண்டுகளில் குறைவது 16 பங்கே. அடுத்த 30 ஆண்டுகளில் 20 பங்கு. கடைசி 30 ஆண்டுகளிலோ எஞ்சிய 60 பங்கும் கரைந்துபோம். சாய்வான மேட்டில் மெல்ல இறங்குவோன் ஈற்றில் பள்ளத்தில் விழுவது போன்றது இது. சந்தை விலை இவ்வட்டவணையை அப்படியே பின்பற்றுவதில்லை. உயர்ந்த மாடி, கடற்காட்சி, அங்காடி, ரயில் ஆகியவையும் விலையைத் தாங்கும். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் தேதி மரீன் பரேட்டுக்குப் பெருவிரைவு ரயில் வந்ததும் அத்தகைய தாங்கலே. எனினும், தாங்கல் எத்தனை இருப்பினும் குத்தகை ஓடாமல் நிற்பதில்லை.

இங்கே நாம் ஆராயும் பொருளின் உயிர்நிலையான விதி ஒன்றைக் கூற வேண்டும். 2019-ஆம் ஆண்டு மே மாதம் முதல், பழைய வீட்டை வாங்குவோர் சேம நிதியை முழு அளவில் பயன்படுத்த வேண்டுமாயின், எஞ்சிய குத்தகை வாங்குவோருள் இளையவர்க்கு 95 வயது நிறையும் வரையேனும் இருத்தல் வேண்டும். இல்லையேல் நிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகை குறைக்கப்படும். கழகத்தார் தரும் கடனும் அவ்வாறே. இவ்விதி நன்னோக்கமுடையது, கிழப்பருவத்தில் குத்தகை முடிந்து ஒருவர் தெருவில் நிற்கலாகாது என்பதே அதன் கருத்து. ஆயினும் அதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 49 ஆண்டு எஞ்சியுள்ள வீட்டை முழு வசதியோடு வாங்கத் தக்கவர் 46 வயதேனும் ஆனவர். முப்பது வயது இளைஞனுக்கோ 65 ஆண்டு எஞ்சிய வீடு வேண்டும். அவன் வேறு ஊரை நாடுவான். இவ்வாறு பழைய வீடு தனக்கேற்ற வயதுடையோரையே தன்பால் ஈர்க்கின்றது. அடுத்த ஆண்டில் அவ்வரம்பு 47 ஆகும். அதற்கடுத்த ஆண்டில் 48. ஊர் முதுமையடைவதால் வீடு பழையதாகத் தோன்றுகிறதென்று நாம் எண்ணுகிறோம். வீடு பழையதாவதாலும் ஊர் முதுமையடைகின்றது என்பதே உண்மை.

இதற்கு எதிராக இழுக்கும் கயிறு ஒன்றும் உண்டு. பெற்றோருடனோ, அவர்க்கு அருகிலோ பழைய வீடு வாங்கும் மக்களுக்கு 2015 முதல் அரசாங்கத்தார் மானியம் அளிக்கின்றனர். 2018-இல் வகுத்தபடி, பெற்றோருடன் கூடி வாழும் குடும்பத்துக்கு 30,000 வெள்ளி. நான்கு கிலோமீட்டருக்குள் வாழ்வோர்க்கு 20,000 வெள்ளி. தாய் தந்தையர் பக்கத்தில் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கம். ஒரு கை, அருகில் வா என்று அழைக்கின்றது. மற்றொரு கை, உன் வயதென்ன என்று வினவுகின்றது. மரீன் பரேட் போன்ற ஊரில் மகன் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறான்.

குத்தகை முடிவதற்கு முன்பே கழகத்தார் பழைய கட்டிடங்களை எடுத்துக்கொண்டு புதுவீடு தருவர் என்ற நம்பிக்கை நெடுநாள் நிலவியது. 1995-இல் தொடங்கிய மறுமேம்பாட்டுத் திட்டம் அதற்கு வித்திட்டது. ஆயின், அத்திட்டத்துக்கு எல்லா வீடுகளும் தகுதியாகா என்று 2017-இல் அமைச்சர் லாரன்ஸ் வோங் எடுத்துரைத்தார். 2018-இல் பிரதமர் லீ சியன் லூங், வீடுகள் ஏறக்குறைய எழுபது ஆண்டு நிறைந்தபின் குடியிருப்போரின் வாக்கைப் பெற்று எடுத்துக்கொள்ளும் வேறொரு திட்டத்தை அறிவித்தார். அதில் ஈட்டுத்தொகை முன்னதைவிடக் குறைவாகவே இருக்கும். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதியன்று, கேலாங் லோரோங் 3-இல் இருந்த 191 வரிசை வீடுகளின் அறுபதாண்டுக் குத்தகை முடிந்து, அவை அரசாங்கத்தாரிடம் மீண்டன. அவை கழக வீடுகளல்ல. எனினும் குத்தகைச் சீட்டில் எழுதிய எழுத்து வெறும் எழுத்தன்று என்பதை நாடு கண்ணாரக் கண்டது.

அப்படியாயின் வீடு தவிர வேறு பொருளில்லா முதியவர் செய்யத்தக்கது யாது? வழிகள் சில உண்டு. பெரிய வீட்டை விற்று, 2015 முதல் கிடைக்கும் குறுங்குத்தகை ஈரறை வீடொன்றை வாங்கலாம். 55 வயதானோர் தம் வயதுக்கேற்ப 15 முதல் 45 ஆண்டு வரை குத்தகை பெறலாம். ஆனால், அவ்வீடு பெரும்பாலும் வேறோர் ஊரில் கிடைக்கும். ஐம்பதாண்டு பழகிய அயலாரையும் காலைச் சந்தையையும் கடற்காற்றையும் எண்பது வயதில் விட்டுச் செல்லுதல் எளிதன்று.

மற்றொரு வழி, 2009-இல் தொடங்கி, 2019 முதல் எல்லா அளவுள்ள கழக வீடுகளுக்கும் விரிந்தது. அதன்படி, வீட்டில் இருந்துகொண்டே குத்தகையின் வால்பகுதியைக் கழகத்தாருக்கு விற்கலாம். எடுத்துக்காட்டாக, 49 ஆண்டு எஞ்சியுள்ள வீட்டில் 70 வயதுத் தம்பதியர் வாழ்கின்றனர் எனக் கொள்வோம். அவர்கள் 25 ஆண்டைத் தமக்கென வைத்துக்கொண்டு 24 ஆண்டை விற்கலாம். அப்பணம் சேம நிதியின் ஓய்வுக்காலக் கணக்கில் சேர்ந்து, ஆயுள் வரை மாதப்படியாக வரும். இடம் பெயரத் தேவையில்லை. உணவுக்கும் மருந்துக்கும் பிறர் கையை எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் அதன்பின் அவ்வீட்டை வெளியார்க்கு விற்றல் கூடாது. மக்களுக்கு விடும் செல்வமும் அவ்வளவு குறையும். உண்பதா, வைப்பதா என்னும் பழைய வினா இங்கே பத்திர வடிவில் முதியவர் முன் கிடக்கின்றது. மக்களுக்கென்று வைக்கும் அவ்வால்பகுதியும் கடைசியில் கரைந்துபோவதே என்பதை மேற்கூறிய அட்டவணை காட்டும். பெற்றோர் பட்டினி கிடந்து அதனைக் காப்பதில் மக்களுக்கும் பெருநன்மை இல்லை.

இவையன்றி உடலுக்கு உகந்த மாற்றங்களும் நிகழ்ந்துள்ளன. பழைய கட்டிடங்கள் பலவற்றில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நிற்கும். அதனை எல்லா மாடிகளிலும் நிற்கச் செய்யும் வேலை 2001-இல் தொடங்கிற்று. குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத தளமும், வாயிலில் சாய்தளமும் அமைக்க 2012 முதல் உதவி கிடைக்கின்றது. சிறியனவாயினும் இவையே ஒருவர் தம் வீட்டில் இறுதிவரை வாழ்வதா, விடுதிக்குச் செல்வதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

கடைசியாகக் கடலைப் பற்றி ஒரு சொல். கடல் மட்டம் இந்நூற்றாண்டின் முடிவில் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என 2024-இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. இதனைத் தடுக்கும் பொருட்டுக் கிழக்குக் கரைக்கு அப்பால் ஏறக்குறைய 800 ஹெக்டேர் அளவில் 'நீள்தீவு' ஒன்றைத் தூர்த்து அமைக்கும் எண்ணத்தை 2023 நவம்பரில் அரசாங்கத்தார் வெளியிட்டனர். அது முடியப் பல பத்தாண்டுகள் செல்லும். முன்பு காத்தோங்காரர் மரீன் பரேட்டுக்குக் கடலை இழந்தனர். இனி மரீன் பரேட்டாருக்கு முன்னும் வேறொரு கரை எழலாம். அங்கேயும் ஒரு தலைமுறை இளமையாகக் குடியேறும். அதற்கும் ஆண்டு ஏறும்.

பொருளியல் கற்கும் நம் மாணவ நண்பர்க்கு இவ்வூர் நல்லதொரு பாடம். எல்லார்க்கும் வீடு என்ற அரிய குறிக்கோளைச் சிங்கப்பூரார் பெரும்பாலும் எய்தினர். அதற்காக அவர்களைப் புகழாதிருக்க இயலாது. ஆயின், ஒரே வீட்டை உறைவிடமாகவும், சேமிப்பாகவும், மரபுச் செல்வமாகவும் மூவகையில் கருதும்போது, காலம் அம்மூன்றையும் ஒருங்கே குறைக்கின்றது. உறைவிடமாகக் கொள்வோர்க்கு 49 ஆண்டு நெடுங்காலம். சேமிப்பாகக் கொள்வோர்க்கு அது போதியும் போதாததுமான காலம். மரபுச் செல்வமாகக் கொள்வோர்க்கோ மிகக் குறுகிய காலம். ஆகவே, புதிய ஊர் ஒன்றை வகுப்போர், அதில் முதலில் குடியேறுவோர்க்கு எண்பது வயதாகும் நாளையும் வரைபடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இளையோரும் முதியோரும் கலந்து வாழ இடம் வைத்த ஊரே நெடிது வாழும்.