உங்களுக்குத் தெரியுமா? எண்ணூருக்கு வடக்கே கிளம்பிய தபால்காரர்

எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. 2009 ஏப்ரல் 20 அன்று அங்கிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட் ஏற்றிச்சென்ற ‘அனுசாட்’ நம்ம சென்னையின் பிள்ளை. அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அதுதான், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் செயற்கைக்கோள். எடை சுமார் 40 கிலோ. அதற்குத் தபால்காரர் வேலை: தலைக்கு மேல் வரும்போது தரையிலிருந்து வரும் செய்தியை வாங்கிச் சேமித்து, வேறோர் ஊரைக் கடக்கையில் இறக்கிவிடுவது. எவ்வளவு அழகான யோசனை!

அனுசாட் இப்போது இல்லை. ஆனால் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்களின் பாக்கெட் செய்திகளை, அதாவது முகவரி ஒட்டிய சின்னச் சின்னப் பொட்டலங்களை, சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் வாங்கி உடனே திருப்பி ஒலிபரப்புகிறது. திருவொற்றியூர் கடற்கரை அதைக் கேட்க வாகான இடம். கிழக்கே வானத்தை மறைக்க ஒன்றுமில்லை. நிலையம் அடிவானத்தில் எழுந்து மறைய அதிகம் போனால் பத்து நிமிடம். அதற்குள் கேட்கும் ‘கர்ர்’ என்ற இரைச்சலைக் கணினி எழுத்தாக்கிவிடும். பதில் அனுப்ப மட்டும், தேர்வு எழுதி மத்திய அரசின் ஹாம் உரிமம் பெற்றிருக்க வேண்டும்.