கப்பலேறுமுன்: பயணியின் பாதுகாப்பும் ஹிஸ்பாவும்

ஹிஜ்ரி 579 (கி.பி. 1183) கோடையில், அந்தலூஸிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டிருந்த இப்னு ஜுபைர், செங்கடலின் மேற்குக் கரையில் அய்தாப் துறையில் ஜித்தா செல்லும் கலத்துக்காகக் காத்திருந்தார். அங்கு கண்டவற்றைத் தம் பயணநூலில் அவர் நுணுக்கமாகப் பதிந்துள்ளார். ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டு எண்ணெய் பூசப்பட்ட 'ஜல்பா' என்னும் கலங்கள் அவை; சுறா எண்ணெயே அதற்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது. அவற்றில் ஹாஜிகள் கூண்டுக் கோழிகளைப் போல ஒருவர்மேல் ஒருவராக அடைக்கப்பட்டனர். கலத்தின் முழு விலையையும் ஒரே பயணத்தில் ஈட்டிவிட வேண்டும் என்பது உரிமையாளரின் கணக்கு. பலகை தருவது தம் பொறுப்பு, உயிரைக் காத்துக்கொள்வது ஹாஜியின் பொறுப்பு என்று அவர்கள் பழமொழியாகவே சொல்லிவந்தனராம். ஹிஸ்பாவின் கண்டிப்பு இவ்வூரைப்போல வேறெங்கும் தேவைப்படவில்லை. இங்கு முஹ்தஸிபின் சாட்டை வாளாகவே இருக்கவேண்டும் என்னும் கருத்துப்பட இப்னு ஜுபைர் மனம் வெதும்பி எழுதுகிறார்.

வெறும் கோபத்தில் வந்த சொல்லாக நாம் இதைக் கடந்துவிடலாகாது. கடற்பயணத்தின் பாதுகாப்பு பயணியின் சொந்தக் கவலை மட்டுமன்று, ஆட்சிக்குரிய கடமை என்பது அவருக்கு ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே வரையறுக்கப்பட்ட ஒன்று. ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ, 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் முஹ்தஸிபின் பணிகளை விவரிக்குமிடத்து மரக்கலங்களையும் குறிப்பிடுகிறார். கலம் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றி அதை மூழ்கும் நிலைக்கு ஆளாக்குவதைத் தடுக்க வேண்டும். காற்று கடுமையாக வீசும்போது புறப்படுவதைத் தடுக்க வேண்டும். ஆண்களும் பெண்களும் ஏறினால் இடையில் தடுப்பு அமைக்கச் செய்ய வேண்டும். கலம் விசாலமாயின் பெண்களுக்கு ஒதுக்கிடமும் வேண்டும். இவையனைத்தும் கலம் துறையைவிட்டு நகருமுன் செய்யத்தக்கவை என்பதைக் கவனிக்க வேண்டும். நடுக்கடலில் முஹ்தஸிப் இல்லை.

ஃபிக்ஹின் நிலைப்பாடும் இதனோடு இயைந்ததே. கடல்வழியன்றி வேறு வழியில்லாதவர்மீது ஹஜ் கடமையாவது, அப்பாதையில் பாதுகாப்பே மேலோங்கியிருக்கும்போதுதான் என்று நம் கடற்கரையூர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹப் கூறுகிறது. நூஹ் நபியின் கப்பலைப் பற்றிய ஹூத் அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தை ஓதிக் கலமேறும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தக் கப்பல் இறைவனின் மேற்பார்வையில் பலகை பலகையாகக் கட்டப்பட்ட பிறகே அவ்வாசகம் வருகிறது என்பதை ஓதுவோர் எத்தனைபேர் எண்ணிப்பார்த்திருப்பர்?

ஹிஜ்ரி 895இல் (கி.பி. 1490) 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் கடல்நூலை நிறைவுசெய்த ஜுல்ஃபார் நகரத்து அஹ்மத் இப்னு மாஜித், முஅல்லிமின் கடமையைக் கரையிலிருந்தே தொடங்குகிறார். கலம் தரையில் நிற்கும்போதே அதைப் பார்வையிட்டு அதன் குறைகளை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். உடன்வருவோரின் இயல்பையும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் அறிவுரை. (நம் 'மாலுமி' இந்த 'முஅல்லிம்' என்னும் சொல்லின் திரிபே. கற்பிப்பவர் என்பது அதன் பொருள். 'சுக்கான்', 'சராங்கு' ஆகியவையும் அவ்வாறு கடல்வழி வந்தேறியவையே.) ஒரு நூற்றாண்டுக்குப்பின் அபுல் ஃபஸ்ல் 'ஆயினே அக்பரி'யில் தரும் கப்பல் ஊழியர் வரிசையில், கணக்கெழுதும் கரானியே பயணிகளுக்குக் குடிநீரும் அளந்து தருகிறார். பயணிகளுக்கு விறகும் வைக்கோலும் வழங்க வேறொருவர் இருக்கிறார்.

ஆனால், இந்நூல்களில் நாம் தேடியும் காணாத ஒன்று உண்டு. ஆபத்து நேர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்று பயணிக்கே சொல்லிவைக்கும் வழக்கம். பயணி காக்கப்படவேண்டியவர், அறிவிக்கப்படவேண்டியவர் அல்லர் என்பதே நெடுங்காலம் உலகெங்கும் நிலவிய எண்ணம்.

அதன் விலையை 1880இல் 'ஜித்தா' என்னும் நீராவிக்கப்பல் காட்டிற்று. சிங்கப்பூரின் அரபு வணிகக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான அக்கப்பல் 900க்கு மேற்பட்ட ஹாஜிகளுடன் பினாங்கு வழியாகப் புறப்பட்டது. அத்தனை பேருக்குமான படகுகள் அதில் இல்லை. ஆகஸ்ட் 8ஆம் நாள், ஆப்பிரிக்கக் கொம்புக்கு அருகே கப்பலினுள் நீர் ஏறியபோது, கேப்டனும் ஐரோப்பிய அதிகாரிகளும் படகொன்றில் இறங்கித் தப்பினர். கப்பல் மூழ்கிற்று என ஏடனில் அவர்கள் அறிவித்த மறுநாளே, மற்றொரு கப்பல் 'ஜித்தா'வை ஹாஜிகளோடு இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கைவிடப்பட்டோரே நீரை இறைத்துக் கப்பலைக் காத்திருந்தனர். ஜோசப் கான்ராடின் 'லார்ட் ஜிம்' நாவலுக்கு வித்தானது இதுவே. நாவலைப் படித்தோர் ஜிம்மின் மனச்சாட்சியைப் பற்றியே பேசுகின்றனர்; இறைத்த கைகளைப் பற்றிப் பேசுவோர் அரிது.

பயணிக்குச் சொல்லியாக வேண்டும் என்பது டைட்டானிக் மூழ்கிய 1912க்குப் பின் உருவான சர்வதேச உடன்படிக்கைகளின் வழியே படிப்படியாக விதியாயிற்று. அவ்விதியிலும் ஓர் ஓட்டை இருந்தது. பயணிகளை ஒன்றுகூட்டிப் பயிற்சியளிக்க, ஏறியதிலிருந்து 24 மணிநேர அவகாசம் தரப்பட்டிருந்தது. 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று மாலை ஏறிய நூற்றுக்கணக்கானோர் பயிற்சி பெற்றிருக்கவில்லை. 32 பேர் இறந்தனர். 2015 முதல், பயணிகள் 24 மணிநேரத்துக்கு மேல் கப்பலில் இருக்கவுள்ள பயணங்களில் கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ இப்பயிற்சி நடந்தாக வேண்டும். இடையில், இப்னு ஜுபைர் கடந்த அதே செங்கடலில், 2006 பிப்ரவரியில் துபாவிலிருந்து ஸஃபாகா சென்ற 'அல்ஸலாம் பொக்காச்சியோ 98' தீப்பற்றி, தீயணைக்க இறைத்த நீரே தேங்கிக் கவிழ்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பலகை, உயிர் என்னும் அய்தாபுப் பழமொழி அங்கிருந்து இன்னும் முற்றாக நீங்கவில்லை போலும்.

பெருங்கப்பலில் ஒலிபெருக்கி சொல்வதைச் சிறிய பாய்மரப் படகில் அதன் தலைவர் பத்து நிமிடத்தில் நேரில் சொல்கிறார். பாயின் அடிச்சட்டம் திசைமாறும்போது தலையைத் தாக்கும். ஆகவே எங்கு அமர்வது, எப்போது குனிவது என்பது முதற்பாடம். எவரேனும் நீரில் விழுந்தால் ஒருவர் வேறெதுவும் செய்யாமல் அவரையே கைநீட்டிக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அலைகளுக்கிடையே மனிதத்தலை மிக விரைவில் மறைந்துவிடும். பார்வையை ஒருமுறை விலக்கினால் மீண்டும் கண்டுபிடிப்பது கடினம். வானொலியில் 16ஆம் அலைவரிசையைத் தலைவரன்றி மற்றொருவரும் இயக்கத் தெரிந்திருக்க வேண்டும். தலைவரே விழக்கூடும் அல்லவா?

நம் குடும்பத்துப் பெண்களுக்கென ஒன்றைக் குறிப்பாகச் சொல்லவேண்டியுள்ளது. காற்றால் உப்பும் மிதவை அங்கியை அபாயாவின் உள்ளே அணிதல் கூடாது. அது விரிய இடமின்றி மார்பை இறுக்கும். இழுக்கவேண்டிய பிடியும் கைக்கு எட்டாது. எல்லா ஆடைக்கும் மேலாக அணிந்து, கவட்டுப் பட்டையையும் மாட்டிக்கொள்ள வேண்டும். அப்பட்டை இல்லையேல் நீரில் விழுந்தவுடன் அங்கி முகத்துக்குமேல் ஏறிவிடும். ஆடவர் நிறைந்த படகில் இதைக் கேட்கக் கூச்சப்பட்டு அமர்ந்திருப்போரை நாம் கண்டிருக்கிறோம். சொல்லித்தர ஒரு பெண்ணைத் தலைவர் முன்னரே பழக்கிவைத்தால் அக்கூச்சத்துக்கு இடமிராது. அறிவிப்பு பயணிகளுக்குப் புரியக்கூடிய மொழியில் இருக்கவேண்டும் என்பதும் அதே சர்வதேச விதியில் உள்ளதே; ஆங்கிலத்தில் வாசித்து முடித்ததும் தமிழில் ஒருமுறை சொல்லும்படி கேட்பது பயணியின் உரிமை.