மண்ணும் கற்பனையும்: கடல் புதினங்களை வாசித்தல்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, வங்கக் கடலோரம் அமைந்த மீனவர் ஊர் வீராம்பட்டினம். அதன் அருகே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உயர்ந்து நிற்கிறது அரிக்கமேடு. அங்கு 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அவருக்குப்பின் அகழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் கசால், தம் அறிக்கையின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயரை இடம்பெறச் செய்தார். இத்தாலியில் வனையப்பட்ட செந்நிறக் கலங்கள், மதுவும் எண்ணெயும் கொண்டுவந்த கூர்அடிச் சாடிகள், தமிழ்ப் பெயர் கீறிய பானை ஓடுகள், வண்ண வண்ணக் கண்ணாடி மணிகள் ஆகியன இம்மண்ணிலிருந்து கிடைத்தன.

இப்பொருள்கள் கடல் வணிகம் நடந்ததை உறுதிப்படுத்துகின்றன. ஆனால், அந்தச் சாடியைக் கரையில் இறக்கியவன் யார்? அவனோடு பேரம் பேசிய தமிழ் வணிகன் எம்மொழியில் பேசினான்? புயலில் சிக்கிய இரவில் அவர்கள் எதனை நினைத்து அஞ்சினர்? இவ்வினாக்களுக்கு மண் விடை கூறுவதில்லை. மண் மௌனம் காக்கும் இடத்தில்தான் புதின ஆசிரியர் பேசத் தொடங்குகிறார்.

மூவகைப் புதினங்கள்

பழங்காலத்தைக் களமாகக் கொண்ட புதினங்களை மூவகையாகப் பகுக்கலாம். நிகழ்ந்தனவற்றை மாற்றாமல், சான்றுகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்புவது வரலாற்றுப் புதினம். நிகழ்ந்த ஒன்றை வேண்டுமென்றே மாற்றி, அதனால் விளைந்திருக்கக் கூடியவற்றை எண்ணிப் பார்ப்பது மாற்று வரலாற்றுப் புதினம். தெய்வங்களும் மாயங்களும் உலவும் உலகைப் படைத்து, அதற்குப் பழங்காலத்தின் ஆடையை உடுத்துவது மிகுகற்பனைப் புதினம். மூன்றும் இன்பம் தருபவையே. எனினும், கையில் இருப்பது எவ்வகை என அறியாது வாசிப்பவர், கதையை வரலாறாகக் கொண்டு மயங்க நேரிடும்.

தமிழில் கடல் புதினங்கள்

தமிழில் கடல்சார் வரலாற்றுப் புதினங்களுக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் திரட்டியவர் சாண்டில்யன். அவருடைய ‘யவன ராணி’ கரிகாலன் காலத்தைப் பின்னணியாகக் கொண்டது. தமிழகத்தில் யவனர் இருந்தமையும் வணிகம் செய்தமையும் உண்மை. யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது. ஆனால், அப்புதினத்தின் அரசி ஆசிரியரின் படைப்பு. ‘கடல் புறா’வின் நாயகன் கருணாகரத் தொண்டைமானோ வரலாற்று மாந்தன், முதற்குலோத்துங்கனின் கலிங்கப் போரை வென்ற படைத்தலைவன், கலிங்கத்துப்பரணியால் புகழ்பெற்றவன். அவன் செலுத்தியதாகக் கூறப்படும் ‘கடல் புறா’ என்னும் கப்பல் கற்பனைக் கடலில் மிதப்பது.

கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னிலும் இக்கலப்பைக் காணலாம். குந்தவையும் வந்தியத்தேவனும் கல்வெட்டுகளில் இடம்பெற்றவர்கள். நந்தினியும் பூங்குழலியும் கல்கி படைத்தவர்கள். ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடையோரின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது. அப்பட்டியலில் நந்தினி இல்லை. எனினும், புதினத்தை மட்டும் படித்த பலருக்கு நந்தினி வாழ்ந்து மறைந்த பெண்ணாகவே தோன்றுகிறாள். இஃது எழுத்தாளரின் வெற்றி. வாசகர் விழிப்போடு இருக்க வேண்டிய இடமும் இதுவே.

வடகடலின் வைக்கிங்குகள்

சோழர் கலங்கள் கீழைக்கடலில் சென்ற காலத்தில், ஐரோப்பாவின் வடகடலில் வைக்கிங்குகள் என்னும் கடலோடிகள் உலவினர். கி.பி. 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தைத் தாக்கியது முதல் அவர்களின் பெயர் அச்சத்தோடு பேசப்பட்டது. அவர்களைப் பற்றிய வீரக்கதைகள் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின் ஐஸ்லாந்தில் ஏட்டில் எழுதப்பட்டன. இன்று உலகெங்கும் வைக்கிங் புதினங்களும் மிகுகற்பனைக் கதைகளும் விரும்பிப் படிக்கப்படுகின்றன.

அக்கதைகளுக்கும் மண்ணே உரைகல்லாக அமைந்தது. கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்த வைக்கிங் வீரனின் உருவம் உலகறிந்தது. ஆனால், அகழாய்வில் கிடைத்த வைக்கிங் காலக் கவசம் எதிலும் கொம்பு இல்லை. அவ்வுருவம் பரவுவதற்கு, 1876இல் ஜெர்மனியில் அரங்கேறிய வாக்னரின் இசை நாடகத்துக்காக வரையப்பட்ட உடைகள் பெரிதும் காரணமாயின. இங்கு மண் கற்பனையை மறுத்தது.

மேற்கே நெடுந்தொலைவு சென்று ‘வின்லாந்து’ என்னும் நிலத்தைக் கண்டதாகவும் வீரக்கதைகள் கூறின. பலர் அதனை வெறுங்கதை எனக் கருதினர். 1960இல் கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் வைக்கிங் குடியிருப்பின் எச்சங்கள் கண்டறியப்பட்டன. அங்குக் கிடைத்த மரத்துண்டுகள் கி.பி. 1021இல் வெட்டப்பட்டவை என 2021இல் வெளியான ஆய்வு நிறுவியது. இங்கு மண் கதைக்குச் சான்று பகர்ந்தது. அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப்பின், 1025இல், இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றது என்பது எண்ணி வியக்கத்தக்கது.

‘அவ்வாறு நிகழ்ந்திருந்தால்?’

வின்லாந்திலிருந்து வைக்கிங்குகள் விரைவில் திரும்பிவிட்டனர். அவர்கள் திரும்பாமல் தெற்கே சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரெஞ்சு எழுத்தாளர் லோரான் பினே 2019இல் வெளியிட்ட ‘நாகரிகங்கள்’ என்னும் புதினம் இவ்வினாவிலிருந்து பிறந்தது. அதில் வைக்கிங்குகள் அமெரிக்க மக்களுக்கு இரும்பையும் குதிரையையும் நோய் எதிர்ப்பாற்றலையும் வழங்கிச் செல்கின்றனர். அதனால், பிற்காலத்தில் இன்கா அரசன் அதகுவால்பா கடல் கடந்து ஐரோப்பாவை வெல்கிறான். உண்மையில் 1532இல் அவன் ஸ்பானியரிடம் சிறைப்பட்டான்.

இரும்பு, குதிரை, நோய் ஆகிய மூன்றும் ஐரோப்பியரின் வெற்றிக்கு உண்மையிலேயே துணைநின்ற காரணங்கள். அவற்றை இடம் மாற்றி வைத்ததன்வழி, அவற்றின் வலிமையை ஆசிரியர் உணர்த்துகிறார். ஆகவே, நல்ல மாற்று வரலாற்றுப் புதினம் காரண காரியத் தொடர்பைக் கற்பிக்கிறது எனலாம்.

இத்தகைய வினாவைப் புதுச்சேரி மண்ணிலும் எழுப்பலாம். 1760இல் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுப் படை வென்றிருந்தால் இந்தியாவின் வரலாறு எவ்வாறு அமைந்திருக்கும்? கற்பனை செய்யத் தொடங்குபவர், முதலில் அப்படை ஏன் தோற்றது எனக் கற்றாக வேண்டும். படைத்தலைவர் லாலிக்குத் துணைநிற்க வேண்டிய பிரெஞ்சுக் கப்பற்படை, 1759இல் மொரீசியசுத் தீவுக்குச் சென்று திரும்பவில்லை என்பது அப்போது தெரியவரும். கற்பனைக்குள் நுழைய விரும்பியவர் வரலாற்றுக்குள் நுழைந்திருப்பார்.

வரலாறும் திருத்தப்படும்

கற்பனை மட்டுமன்றி, வரலாறும் மண்ணின் தீர்ப்புக்கு உட்பட்டதே. அரிக்கமேட்டின் வளர்ச்சிக்கு உரோமானிய வணிகமே காரணம் என வீலர் கருதினார். பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நிகழ்ந்த அகழாய்வு அக்கருத்தைத் திருத்தியது. உரோமானியக் கலங்கள் வருவதற்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்றும், அவ்வணிகம் குன்றிய பின்னரும் ஊர் தொடர்ந்தது என்றும் தெரியவந்தது. தொலைவிலிருந்து வந்தவரை நாயகராகக் கொண்ட வரலாற்றில், மணி கோத்தவரும் மண்கலம் வனைந்தவருமான உள்ளூர் மக்கள் தமக்குரிய இடத்தைப் பெற்றனர்.

எனவே, கடல் புதினங்களை வாசிக்கும் மாணவர் மூன்று வினாக்களை மனத்தில் கொள்ளுதல் நலம். இதில் சான்றுடையது எது? சான்று இல்லாத இடத்தில் ஆசிரியர் நிரப்பியது எது? தெரிந்தே மாற்றியது எது? இவ்வினாக்கள் கதையின் சுவையைக் குறைப்பதில்லை, மாறாக, மிகுவிக்கின்றன. கடல் புறாவின் பாய்மரத்தில் ஏறிச் செல்லும் வாசகர், ஒருநாள் அரிக்கமேட்டின் உடைந்த ஓட்டின் முன் நின்று, அது சொல்லாததையும் கேட்கக் கற்றவராக இருப்பார்.