நாவல் ஏறிப் போகலாம், வாங்க!

சுட்டிகளே, ஒரு கேள்வி. ஹாரி பாட்டர் படித்த பள்ளிக்கூடம் எது? "ஹாக்வார்ட்ஸ்!" என்று உடனே கத்துவீர்கள். சரி, நம்ம நொய்யல் ஆறு வருகிற நாவல் எது? விழிக்கிறீர்களா? கவலை வேண்டாம், கடைசியில் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு வகுப்பறையை எட்டிப் பாருங்கள். ஒருவனுக்குச் சொந்த ஊர் காங்கேயம். பக்கத்து பெஞ்சில் இருப்பவளின் பாட்டி வீடு கோவில்பட்டியில். பின்னால் உட்கார்ந்திருப்பவன் மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவன். பனியன் கம்பெனி வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள்! வங்காள நண்பனைச் சிலர் 'இந்திக்காரன்' என்று கூப்பிடுவார்கள். ஆனால், அவன் வீட்டில் பேசுவது வங்காளி மொழி. ஊரைத் தெரியாததால்தானே இந்தக் குழப்பம்? எல்லா ஊருக்கும் பஸ் ஏறிப் போக முடியாது. நாவல் ஏறிப் போகலாம்!

மால்குடிக்கு ஒரு டிக்கெட்

முதலில் ஆர்.கே.நாராயண் 1935-ல் எழுதிய 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்'. எளிமையான ஆங்கிலம்தான், பயப்படாதீர்கள். திங்கட்கிழமை என்றாலே சுவாமிக்குப் பிடிக்காது. கணக்கு என்றால் தலைசுற்றும். நண்பர்களோடு கிரிக்கெட் டீம் ஆரம்பிப்பான். உங்களை மாதிரியே இல்லை? மால்குடி கற்பனை ஊர்தான். ஆனாலும், அந்தத் தெருக்களில் நடந்த மாதிரியே இருக்கும்.

கரிசல் காட்டுப் பறவைகள்

அடுத்து, கோவில்பட்டி அருகே இடைசெவல் கிராமத்தில் பிறந்த கி.ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. காடுமேடெல்லாம் சுற்றிப் பறவைகளைத் தெரிந்துகொள்ளும் வெங்கடேசு என்ற சிறுவனின் கதை. படித்து முடித்ததும், உங்கள் வீட்டு மொட்டைமாடியில் வந்து உட்காரும் பறவையின் பெயர் என்ன என்று கேட்கத் தோன்றும்.

அப்புவும் துர்காவும்

வங்காளத்துக்குப் போக 'பதேர் பாஞ்சாலி' இருக்கிறது. விபூதிபூஷண் எழுதி 1929-ல் புத்தகமாக வந்தது. ஏழை வீட்டு அக்கா துர்கா, தம்பி அப்பு. சண்டை போடுவார்கள், சேர்ந்து ஊர் சுற்றுவார்கள். சில பக்கங்களில் கண் கலங்கும்.

இதைத் தமிழில் தந்தவர் யார் தெரியுமா? ஆர்.ஷண்முகசுந்தரம். தாராபுரம் பக்கம் கீரனூர்க்காரர், நம்ம ஊர் ஆள்! கொங்கு மண்ணில் இருந்தவருக்கு வங்காளக் குழந்தைகளின் கதை பிடித்துப்போயிருக்கிறது. 1942-ல் அவர் எழுதிய 'நாகம்மாள்' நாவலில் நம்ம பக்கத்துக் கிராமமும் கொங்குப் பேச்சும் அப்படியே இருக்கும். அது பெரியவர்களுக்கான கதை. வளர்ந்தபின் படியுங்கள்.

நொய்யல் எங்கே?

இதோ பதில்: திருப்பூர் எழுத்தாளர் சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'. சாயக்கழிவு ஆற்றையும் மக்களையும் என்ன செய்தது என்று சொல்லும் நாவல். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, விவசாயிகள் தவித்தார்கள். 2011-ல் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போது ஆலைத் தொழிலாளர்களும் வேலை இல்லாமல் தவித்தார்கள். ஆறும் வேண்டும், வேலையும் வேண்டும். என்ன செய்வது? நாளைக்கு இந்த ஊரை நடத்தப்போகிறவர்கள் நீங்கள்தானே! இதுவும் பெரியவர்கள் நாவல்தான். பெயரை மட்டும் இப்போதே நோட்டில் குறித்துவையுங்கள்.

முதல் வேலையாக, அப்பா அம்மாவுடன் பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போய் உறுப்பினர் ஆகுங்கள். 'பதேர் பாஞ்சாலி' படித்ததும், பின் பெஞ்ச் நண்பனிடம், "உங்க ஊர்ல மழை பெய்தா எப்படிடா இருக்கும்?" என்று கேளுங்கள்.

அப்புறம் பாருங்கள், அவன் பேச்சை நிறுத்தவே மாட்டான்!